ஆத்துல போட்டாலும் அளந்து போடுங்க: சி.எஸ்.ஆர். கமிட்டிக்காரங்களுக்கும் அறக்கட்டளை நடத்தறவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

சார், மேடம், எல்லாருக்கும் வணக்கம்.

நான் ராணிப்பேட்டை மாவட்டத்துல ஒரு அரசு மேல்நிலைப்பள்ளியில கெமிஸ்ட்ரி டீச்சர். இங்க சுத்திலும் தோல் பதனிடற தொழிற்சாலை, ஷூ கம்பெனி, அந்தப் பக்கம் ஆம்பூர் வாணியம்பாடி வரைக்கும் அதே கதைதான். கம்பெனிங்க லாபத்துல ஒரு பங்கை சமூகத்துக்குன்னு செலவு பண்ற சி.எஸ்.ஆர். பணத்தை, தோல் நோய் ஆராய்ச்சிக்கும் அரசுப் பள்ளி அறிவியலுக்கும் சேத்துக் குடுங்கன்னு கேக்கத்தான் இந்த லெட்டர். யார் பேருக்கு அனுப்பறதுன்னு தெரியல, ஒரு கம்பெனிக்குன்னு எழுதினா அது அந்தக் கம்பெனி மேல புகார்னு ஆயிடும், எனக்கு அது நோக்கம் இல்ல, அதனால பொதுவா எல்லாருக்கும் எழுதறேன், உங்கள்ள யாருக்குப் பொருந்துதோ அவங்க எடுத்துக்கோங்க.

முதல்ல எங்க அப்பாவைப் பத்தி சொல்லிடறேன். அவர் கொத்தனார். முப்பது வருஷம் கரணை புடிச்ச கை. நாப்பது வயசு தாண்டினப்புறம் கை வெடிக்க ஆரம்பிச்சுது, விரல் இடுக்குல நீர் கோத்து, தோல் தடிச்சு, ராத்திரியெல்லாம் சொறிஞ்சு சொறிஞ்சு காலையில பாத்தா போர்வையில ரத்தக்கறை இருக்கும். சைட்ல கூட வேலை செய்யறவங்க "மேஸ்திரிக்கு சிமெண்ட் அரிச்சுடுச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. தேங்காண்ணெய், வேப்பெண்ணெய், மெடிக்கல் ஷாப்புல கைகாட்டி வாங்கின ட்யூப், எல்லாம் போட்டாச்சு. சொந்தக்காரங்க கல்யாணத்துல பந்தி பரிமாற அவர்தான் முதல் ஆளா நிப்பார், அந்த வருஷத்துலேருந்து சாம்பார் வாளியைத் தொடறதையே விட்டுட்டார், ஏன்னா ஒரு அத்தை எல்லார் முன்னாடியும் "ஒட்டுமா அண்ணே இது?"ன்னு கேட்டுட்டாங்க.

அது ஒட்டாது. அது குரோமியம்ங்கற உலோகத்தால வர்ற அலர்ஜி. சிமெண்ட் சூளையில அந்தச் சூட்டுல மூலப்பொருள்ல இருக்கற குரோமியம் ஆறாம் நிலைக்கு (தோலுக்குள்ள சுலபமா போற ரகம்) மாறிடும், கலவையில தண்ணி பட்டதும் கரைஞ்சு வரும், கலவையோட காரத்தன்மை தோலைப் பொத்து வழி பண்ணிக் குடுக்கும், இது உள்ள போயிடும். ஒரு தடவை உடம்பு இதை எதிரின்னு முத்திரை குத்திடுச்சுன்னா அவ்ளோதான், வேலையை விட்டாலும் விடாது. அப்பா சிமெண்ட் வேலையை விட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனப்புறம் கால்ல வந்துது. தோல் செருப்பு! அதுலயும் குரோமியம். இதெல்லாம் எங்களுக்குத் தெரிய வர்றதுக்கு பதினோரு வருஷம் ஆச்சு, கடைசியா ஒரு டாக்டர் முதுகுல, ஒவ்வொண்ணுலயும் ஒரு பொருள் தடவின சின்னச் சின்ன அலுமினிய வட்டு வச்சு பிளாஸ்திரி ஒட்டி, ரெண்டு நாள் குளிக்காதீங்கன்னு சொல்லி, பேட்ச் டெஸ்ட் பண்ணினப்போதான் தெரிஞ்சுது. குரோமியம் வட்டு இருந்த இடம் மட்டும் தடிச்சு நின்னுது. பதினோரு வருஷம், ஒரு வட்டு.

சரி, இதுக்கும் உங்க பணத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. சொல்றேன்.

டென்மார்க்ல இதே கொத்தனார் பிரச்சினை இருந்துது. அவங்க 1981-லயே சிமெண்ட்ல இரும்பு சல்பேட் கலக்க ஆரம்பிச்சாங்க, 1983-ல தண்ணியில கரையற குரோமேட் (அதே ஆறாம் நிலை குரோமியம்) பத்து லட்சத்துல 2 பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. இரும்பு சல்பேட்னா என்னமோ பெரிய மருந்துன்னு நினைக்காதீங்க, நம்ம நாட்டு மருந்துக் கடையில அன்னபேதின்னு கேட்டா குடுப்பாங்களே அதேதான். ஆறாம் நிலை குரோமியத்தை அது மூணாம் நிலைக்கு இறக்கிடும், மூணாம் நிலை தோலைத் தாண்டி சுலபமா போகாது. 1981-லயும் 1987-லயும் கான்கிரீட் தொழிலாளர்களைப் பரிசோதிச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க, அலர்ஜி நல்லா குறைஞ்சிருந்துது. ஐரோப்பா முழுக்க அந்தச் சட்டம் வர 2005 ஆயிடுச்சு. எங்க அப்பா வாழ்க்கையில ஒரு மூட்டை மேலகூட குரோமியம்ங்கற வார்த்தையை அவர் பாத்ததில்ல, நானும் இப்ப கடைக்குப் போறப்பல்லாம் மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பாக்கறேன், கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பாக்கறார்.

செருப்பு விஷயத்துக்கு வாங்க. தோல் பொருள்ல ஆறாம் நிலை குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு ஐரோப்பாவுல 2015 மே மாசத்துலேருந்து விதி. அதுக்கும் முதல்ல மனு போட்டது டென்மார்க்தான். அதனால எங்க ஊர்லேருந்து கப்பல் ஏறற ஷூவுக்கு லேப் ரிப்போர்ட் கேக்கறாங்க, இங்க இருக்கற கம்பெனிங்களும் டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பறாங்க. கோபன்ஹேகன்ல ஷூ போடற கால் அரிக்கக்கூடாதுன்னு இங்க டெஸ்ட் நடக்குது. அந்த ஷூவைத் தைக்கற கையை யார் டெஸ்ட் பண்றாங்கன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல. சென்னை அடையாறுல 1948-லேருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, பெரிய இடம், தீக்காயத்துக்குப் போடற கொலாஜன் ஷீட் எல்லாம்கூட அங்க கண்டுபுடிச்சிருக்காங்க, எனக்கு மரியாதை உண்டு. ஆனா தமிழ்ல தோல்னா லெதரும் அதுதான் ஸ்கின்னும் அதுதான், மாட்டுத் தோலுக்குக் கிடைச்ச கவனத்துல கால்வாசி மனுஷத் தோலுக்குக் கிடைக்கக்கூடாதான்னு எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு தடவை சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்.

டென்மார்க்னா அவங்க என்ன ஆகாசத்துலேருந்து குதிச்சவங்களா? பணம் எப்படி ஓடுதுங்கறதுதான் விஷயம். அங்க லியோ ஃபவுண்டேஷன்னு ஒண்ணு, மருந்து கம்பெனி லாபத்துலேருந்து வந்த பணம். 1908-ல கோபன்ஹேகன்ல ஒரு மருந்துக் கடையில ஆரம்பிச்ச கம்பெனி, நம்ம ஊர் கடையில கிடைக்கற ஃபுசிடின் களிம்பு இருக்குல்ல, அது அவங்க கண்டுபுடிப்புதான். அந்த ஃபவுண்டேஷன் ரெண்டு வேலை பண்ணுது. ஒண்ணு உலகம் முழுக்க தோல் ஆராய்ச்சிக்குப் பணம், இன்னொண்ணு டென்மார்க் பசங்களுக்கு அறிவியல் ஆர்வம் வர்றதுக்குப் பணம். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துல தோல் நோய் எதிர்ப்பு பத்தி ஆராய்ச்சி பண்ண ஒரு மையத்துக்கு மட்டும் 40 கோடி குரோனர் குடுத்தாங்க, அப்போதைய மதிப்புல நம்ம காசுக்கு நானூறு கோடி ரூபாய்க்கு மேல, அதுவும் பத்து வருஷக் கணக்குல. வருஷா வருஷம் மார்ச் 31-க்குள்ள பில் குடுன்னு இல்ல.

உங்க கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. 2013 கம்பெனி சட்டம் 135-ஆவது பிரிவு, மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சி.எஸ்.ஆருக்குச் செலவு பண்ணணும், நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, செலவாகாத பணம் வேற கணக்குக்குப் போயிடும், ஆடிட்டர் கழுத்துல உக்காந்திருப்பார். எல்லாம் படிச்சேன், என் தம்பி பையன் சி.ஏ. படிக்கறான், அவன் உக்காத்தி வச்சு சொல்லிக்குடுத்தான். ஆனா அதே விதியில தொடர் திட்டம்னு ஒண்ணு இருக்கு இல்ல? ஆரம்பிச்ச வருஷம் போக மூணு வருஷம் நடத்தலாம், கூட்டிப்பாத்தா நாலு வருஷம் வருது. ஏழாம் அட்டவணையில (எதுக்கெல்லாம் செலவு பண்ணலாம்ங்கற பட்டியல்) ஒன்பதாவது இனத்துல அரசு நிதியில நடக்கற பல்கலைக்கழகம், ஐ.சி.எம்.ஆர்., சி.எஸ்.ஐ.ஆர். மாதிரி மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்புங்களோட ஆய்வுக்கூடம் இதுக்கெல்லாம் ஆராய்ச்சிக்கு நேரடியா குடுக்கலாம்னு தெளிவா போட்டிருக்கு. கதவு திறந்துதான் இருக்கு, நான் பாத்த வரைக்கும் எங்க பக்கத்துல யாரும் உள்ள போகல.

அதுக்கு பதிலா என்ன நடக்குது? எங்க பள்ளிக்கு ஒரு கம்பெனி ஸ்மார்ட் போர்டு குடுத்தாங்க, பேர் வேண்டாம். ஒரு மார்ச் மாசம் திடீர்னு போன், அடுத்த வாரம் திறப்பு விழா. ஷாமியானா, சால்வை, கல்வெட்டு மாதிரி கிரானைட்ல பேர். சீஃப் கெஸ்ட் வர லேட், பசங்க காலையில ஒன்பது மணியிலேருந்து வெயில்ல நிக்கறாங்க, ஒரு பொண்ணு மயங்கி விழுந்துட்டா. விழா முடிஞ்சு காபி குடிக்கறப்போ நான் தயங்கித் தயங்கி அந்த மேடம்கிட்ட கேட்டேன், லேபுக்கு கெமிக்கல் கொஞ்சம் வாங்கித் தர முடியுமா, டெஸ்ட் ட்யூப் வேணும், லேப் அசிஸ்டென்ட் போஸ்ட் காலியா கிடக்கு, ஒரு ஆளுக்கு சம்பளம் குடுத்தாகூட போதும்னு. அவங்க நல்லவங்கதான், சிரிச்சுகிட்டே சொன்னாங்க, "தீந்து போற பொருளுக்கு எங்க பாலிசியில இடமில்ல மிஸ், கண்ணுக்குத் தெரியற அசெட்டா இருக்கணும்"னு. போர்டு ஒண்ணரை வருஷம் ஓடிச்சு. யு.பி.எஸ். பேட்டரி போயிடுச்சு, மாத்தறதுக்கு யார்கிட்டயும் பணம் இல்ல, இப்ப அதுமேல டைம்டேபிள் ஒட்டியிருக்கோம். கிரானைட் மட்டும் பளபளன்னு இருக்கு. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு எங்க பாட்டி சொல்லும்.

தீந்து போற பொருள் என்ன பண்ணும்னு ஒரு நாள் கதை சொல்றேன். ப்ளஸ் டூ பொண்ணு ஒருத்தி காதுல கம்மல் இல்லாம ஈர்க்குச்சி சொருகிட்டு வந்தா. மடல் சிவந்து நீர் வடிஞ்சுகிட்டு இருக்கு. சிவந்துன்னு எழுதிட்டேன், உண்மையில அவ நல்ல கறுப்பு, அதனால சிவப்பா தெரியல, ஊதா கலந்த சாம்பல் மாதிரி இருந்துது (இதுவே ஒரு தனிப் பிரச்சினை, படம் போட்ட டாக்டர் புஸ்தகமெல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தோலைப் பாத்து எழுதினது, 2020-ல லண்டன்ல ஒரு மெடிக்கல் ஸ்டூடண்ட் கிளம்பி கறுப்புத் தோல்ல எப்படித் தெரியும்னு தனியா ஒரு கையேடு போட வேண்டியிருந்துது, நம்ம ஊர்ல அந்த மாதிரிப் படங்களைச் சேத்து வைக்கறதுக்கே ஒரு கம்பெனி பணம் குடுக்கலாம்). திருவிழாவுல வாங்கின கவரிங் தோடுன்னு சொன்னா. அந்த மாதிரி நகையில நிக்கல் இருந்தா அதுவும் குரோமியம் மாதிரி அலர்ஜி பண்ணும். அப்போ எனக்கு சால்ட் அனாலிசிஸ் (உப்புல என்ன உலோகம் இருக்குன்னு கண்டுபுடிக்கற லேப் பாடம்) ஞாபகம் வந்துது. நிக்கல் இருக்கான்னு பாக்க டைமெதில் கிளையாக்சைம் போடுவோம், அம்மோனியாவோட சேந்தா ரோஸ் கலர் வரும். அலமாரியில பழைய பாட்டில் அடியில கொஞ்சம் இருந்துது. பட்ஸ்ல தொட்டு, அம்மோனியா ஒரு சொட்டு விட்டு, தோட்டோட கம்பியைத் தேய்க்கச் சொன்னேன். பஞ்சு மெதுவா ரோஸ் ஆச்சு. கிளாஸே "ஏய்ய்"ன்னு கத்திச்சு. அப்புறம் எல்லாப் பொண்ணுங்களும் தோடு, வளையல், கொலுசு திருகுன்னு கழட்ட ஆரம்பிச்சாங்க, பசங்க பெல்ட் பக்கிளைக் கொண்டுவந்தாங்க, ஒருத்தன் தன்னோட வாட்ச் ரோஸ் ஆகலன்னதும் ஏதோ ஜெயிச்ச மாதிரி சுத்தி வந்தான். முக்கால் மணி நேரம், பாட்டில் காலி. அதுக்கப்புறம் அந்த வருஷம் நிக்கல் உப்புக்கு போர்டுல எழுதித்தான் பாடம் நடத்தினேன்.

இந்த ரோஸ் கலர் டெஸ்ட் நான் கண்டுபுடிச்சதில்ல, தோல் டாக்டருங்க உலகம் முழுக்க பயன்படுத்தற டெஸ்ட். தோல்ல படற நகையில நிக்கலைக் கட்டுப்படுத்தி 1990-ல சட்டம் போட்டதும், ஆமா, டென்மார்க்தான். 1994-ல ஐரோப்பா எடுத்துக்கிச்சு. யாரோ ஒரு டாக்டர் காது மடலை எண்ணினார், யாரோ ஒரு கெமிஸ்ட் பட்டனைச் சொரண்டினார், அவங்களுக்குப் பல வருஷம் யாரோ சம்பளம் குடுத்தாங்க. அந்த மாதிரி ஆள் எங்க கிளாஸ்லயும் உக்காந்திருக்கா, ஈர்க்குச்சி சொருகிட்டு.

அதனால நான் கேக்கறது என்னன்னா, தோல் ஆராய்ச்சி, பள்ளி அறிவியல் இந்த ரெண்டையும் தனித்தனித் தலைப்புல போட்டுப் பிரிக்காதீங்க. ஹெல்த் பட்ஜெட்ல ஒரு மெடிக்கல் கேம்ப், எஜுகேஷன் பட்ஜெட்ல நூறு ஸ்கூல் பேக்னு பண்ணாதீங்க. எங்க மாவட்டத்தையே எடுத்துக்கோங்க. பக்கத்துலயே வேலூர், அங்கேருந்து கொஞ்சம் தள்ளி கரிகிரி, தொழுநோய்க்காக 1955-ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி நிலையம். மடங்கிப்போன விரலை ஆபரேஷன் பண்ணி நிமித்தி உலகத்துக்கே கத்துக்குடுத்த பால் பிராண்ட் வேலூர்லதான் அதை ஆரம்பிச்சார். தொழுநோய்க்கு மூணு மருந்து சேத்துக் குடுக்கற சிகிச்சை 1980-கள்லேருந்து இருக்கு, ஆனா அது எந்த ஏழைக்கும் காசில்லாம கிடைச்சது எதனாலன்னா 1995-லேருந்து 1999 வரைக்கும் ஜப்பான்ல நிப்பான் ஃபவுண்டேஷன் 5 கோடி டாலர் குடுத்தாங்க, 2000-லேருந்து நோவார்ட்டிஸ் கம்பெனி இலவசமா குடுத்துது. தர்மப் பணம் தோல் நோய்க்கு என்ன பண்ணும்னு கேட்டா இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆனா கதை முடியல, 2005 கடைசியில இந்தியாவுல பத்தாயிரம் பேருக்கு ஒரு தொழுநோயாளிக்கும் கீழ வந்துடுச்சுன்னு அறிவிச்சோம், பணமும் கவனமும் அப்படியே நகந்து போயிடுச்சு, இன்னைக்கும் உலகத்துல புதுசா கண்டுபுடிக்கற தொழுநோயாளிகள்ல பாதிக்கு மேல இந்தியாவுலதான். அந்தக் கிருமியை இன்னைக்கு வரைக்கும் ஆய்வுக்கூடத் தட்டுல யாராலயும் வளக்க முடியல, நார்வே டாக்டர் ஹான்சன் அதைப் பாத்தது 1873-ல! ஒரு ப்ளஸ் ஒன் பையன்கிட்ட இதைச் சொல்லிப்பாருங்க, கண்ணு விரியும்.

தொழுநோய்ல தோல் மரத்துப்போகும், உணர்ச்சி இருக்கான்னு பாக்கற நைலான் இழை இருக்கே, அதையும் காட்டணும். ஒரு குச்சி முனையில மீன் தூண்டில் நரம்பு மாதிரி. தோல்ல வச்சு அழுத்தினா ஒரு அளவுக்கு மேல அது வளைஞ்சுடும், அதுக்கப்புறம் நீங்க எவ்ளோ அழுத்தினாலும் விசை பெருசா ஏறாது, அதனால யார் டெஸ்ட் பண்ணினாலும் ஒரே அழுத்தம். கால் பாதத்துக்கு 10 கிராம் இழை, சுகர்காரங்களுக்கும் அதேதான். பிசிக்ஸ் மிஸ்கிட்ட குடுத்தா தராசு மேல வச்சு அழுத்திக்காட்டி ஒரு பீரியடே ஓட்டிடுவாங்க.

படர்தாமரையை விட்டுட்டேன் பாருங்க. ஹாஸ்டல் பசங்க பாதிப்பேருக்கு இடுப்புல தொடையிடுக்குல அதான். மெடிக்கல்ல கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கிப் பூசறாங்க, ரெண்டு நாள்ல அரிப்பு அடங்கும், நிறுத்தினா ரெண்டு மடங்கா வரும். 2018-ல 14 ஸ்டீராய்டு க்ரீமை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு அரசாங்கம் சொல்லிடுச்சு, எங்க பசங்க இன்னும் கைகாட்டித்தான் வாங்கறாங்க. வழக்கமான மாத்திரைக்கு அசையாத ஒரு பூஞ்சை பரவி 2020-ல அதுக்குப் பேரும் வச்சாச்சு, டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே, நம்ம நாட்டுப் பேரை அதுல சேத்துட்டாங்க. அதுக்கு மருந்து கேக்குதா கேக்கலையான்னு வளத்துப் பாக்கற வசதி எல்லா மாவட்ட மெடிக்கல் காலேஜ்லயும் இருக்கணும். பூஞ்சை லேபுக்கு ஒரு டெக்னீஷியன், நாலு வருஷ சம்பளம், பூஞ்சையை வளக்கற கல்ச்சர் மீடியா. பேட்ச் டெஸ்ட் செட்டு, தொழிலாளர்களுக்கு இலவசமா. ஒரு இளம் டாக்டருக்கு ஆராய்ச்சி ஃபெலோஷிப், ஷூ கம்பெனிக் கைகளையும் கொத்தனார் கைகளையும் பாத்துக் கணக்கு எடுக்க. இதுல எதுக்கும் கிரானைட் தேவைப்படாது. மே 2025-ல ஜெனீவாவுல உலக சுகாதார மாநாடு தோல் நோயை உலகப் பொது சுகாதார முன்னுரிமைன்னு தீர்மானமே போட்டுடுச்சு, உங்க போர்டு மீட்டிங்ல காட்ட ஒரு பேப்பர் வேணும்னா அதைக் காட்டுங்க.

ஸ்கூல் பக்கம், 2022 நவம்பர்ல அரசாங்கம் வானவில் மன்றம் ஆரம்பிச்சாங்க, தன்னார்வலர் ஒருத்தர் பையில சாமானை எடுத்துகிட்டு ஆறாவதுலேருந்து எட்டாவது வரைக்கும் வந்து சோதனை செஞ்சு காட்டுவாங்க. நல்ல திட்டம். எங்க ஊருக்கு வர்ற பொண்ணு ஸ்கூட்டியில வருது, பசங்க அவளைப் பாத்தா டீச்சரைப் பாத்த மாதிரி எழுந்திரிக்கறதில்ல, ஓடிப்போய் பையைத் திறக்கறாங்க. ஆனா அதே பசங்க ஒன்பதாவது பத்தாவது வந்தா மறுபடி கைகட்டி உக்காந்துடறாங்க. அங்கதான் நீங்க வரணும். கெமிக்கல், உடைஞ்சா மாத்த கண்ணாடி சாமான், லேப் அசிஸ்டென்ட் சம்பளம், மெடிக்கல் காலேஜ் லேபைப் பாக்க பஸ் செலவு. அந்த ஃபெலோஷிப் டாக்டர் மாசம் ஒரு தடவை வந்து எங்க பசங்களோட உக்காந்தா இன்னும் நல்லது. பசங்க போன வருஷம் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக பக்கத்துல கட்டட வேலை நடக்கற இடத்துல இருபது இருபத்தஞ்சு கொத்தனார் சித்தாளுங்ககிட்ட கை வெடிப்பு பத்திக் கேட்டு எழுதினாங்க, அது ஆராய்ச்சின்னு நான் சொல்லமாட்டேன், கேள்வியே சரியா கேக்கல, சரியா கேக்கறது எப்படின்னு சொல்லிக்குடுக்கத்தான் ஆள் வேணும்.

ரெண்டு வேண்டுகோள் மட்டும். நோயாளி கையையும் காலையும் போட்டோ எடுத்து ஆண்டறிக்கையில போடாதீங்க, எங்க அப்பா கல்யாண ஆல்பத்துலகூட கையைப் பின்னால மறைச்சுட்டுத்தான் நிப்பார். இன்னொண்ணு, முகத்தை வெள்ளையாக்கற க்ரீம் விக்கற கம்பெனி தோல் ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்க வந்தா வாங்கலாமா வேண்டாமாங்கறதை ஆராய்ச்சி பண்றவங்களே முடிவு பண்ணட்டும், பணம் குடுத்தவங்க முடிவைத் திருத்தக்கூடாதுன்னு முதல் நாளே எழுதிக் கையெழுத்து போட்டுடுங்க.

நேர்ல பாக்கணும்னா வாங்க. செவ்வாய் வியாழன் மத்தியானம் எங்களுக்கு லேப். பேனர் வேண்டாம், முன்கூட்டி சொல்லவும் வேண்டாம், கேட்ல கெமிஸ்ட்ரி மிஸ்னு கேட்டா விடுவாங்க. மூணாவது டேபிள் குழாய் ஒழுகும், தள்ளி நில்லுங்க. ப்ளஸ் டூ பிராக்டிகல் பிப்ரவரியில வந்துடும், அதுக்கு முன்னாடி வர்றதா இருந்தா டைமெதில் கிளையாக்சைம் 25 கிராம் பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க, பொண்ணுங்க தோட்டைக் கழட்டிக் கையில வச்சுகிட்டு கேட்டுட்டே இருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு அரசுப் பள்ளி கெமிஸ்ட்ரி டீச்சர்,
ராணிப்பேட்டை மாவட்டம்